ஒன்றரை மில்லிமீட்டர்

பணிமனையில் அவருக்குக் கழுகண்ணன் என்று பெயர். வளைவுக்கு அப்பால் ஒளிந்து நிற்கும் போக்குவரத்துப் போலீஸைக்கூடப் பார்த்துவிடுவார், நிறுத்தத்தில் நிற்கிற கூட்டத்தில் டிக்கெட் எடுக்காமல் நழுவப் போகிறவன் எவன் என்பதை பஸ்ஸை நிறுத்தும் முன்பே சொல்லிவிடுவார் என்றெல்லாம் சக ஓட்டுநர்கள் அளந்துவிட்ட கதைகளில் பிறந்த பெயர். அவரும் மறுத்ததில்லை. அந்தக் கழுகுக்கு ஒரு கண்தான் உண்டு என்பது அவரைத் தவிர உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. கட்டிய மனைவிக்கே தெரியாது.

இடது கண் பார்ப்பதற்கு லட்சணமாகத்தான் இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தாலும் குறை தெரியாது. பிறந்ததிலிருந்து அது வேலை செய்ததில்லை, அவ்வளவுதான். எல்லாவற்றையும் வலது கண்ணே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்ததால், மூளை இடது கண்ணை ஆளாகவே மதிக்கவில்லை. அதன் வழியாக வெளிச்சம் தெரியும், ஏதோ அசைவது தெரியும், அசைவது ஆளா ஆடா என்பது தெரியாது. ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம் கண் சோதனை உண்டு. அதற்கு அவர் கண்டுபிடித்த வழி ரொம்பச் சுலபம். வலது கண்ணால் எழுத்துப் பலகையை வாசிக்கும்போதே மனப்பாடம் செய்துகொள்வார், இடது கண்ணின் முறை வந்ததும் ஒப்பித்துவிடுவார். நடுவில் ஏதாவது ஓர் எழுத்தில் வேண்டுமென்றே தடுமாறுவார். தடுமாறினால்தான் நம்புகிறார்கள் என்பது அனுபவத்தில் கண்டது. இருபத்திரண்டு வருடம் இப்படியே ஓடிற்று. ஒரு தடவை பணிமனை வாசல் தூணில் கண்ணாடி உரசியதைத் தவிர பஸ்ஸில் ஒரு கீறல் விழுந்ததில்லை.

கட்டி வந்தது வலது கண்ணில்.

கண்ணுக்குள்ளே, பின்சுவரில், பட்டாணி அளவில் ஒட்டிக்கொண்டிருந்தது. புற்றுநோய்தான் என்று உறுதியானதும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே முதல் நாளே ஒரு நர்ஸ் அவரை எழுத்துப் பலகைக்கு முன்னால் உட்காரவைத்தாள். வலது கண் லேசாக மங்கியிருந்தாலும் கடைசிக்கு முந்தின வரி வரை வந்துவிட்டார். பிறகு வலது கண்ணை மூடச் சொன்னாள். அந்த இடத்தில்தான் மனிதர் கெட்டார். இது உரிமத்துக்கான சோதனை இல்லையே, உயிருக்கான சோதனையாயிற்றே என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். எங்கே யோசித்தார்! பழக்கதோஷம். வாய் தானாகத் திறந்து ஒப்பித்தது, வழக்கம்போல ஓரிடத்தில் தடுமாறவும் செய்தது. "இடது கண்ணு நல்லாவே இருக்கே சார்" என்று நர்ஸ் எழுதிக்கொண்டாள். அவருக்குப் பாஸான சந்தோஷம் வேறு.

அந்த ஒரு வரியை வைத்துத்தான் மற்றதெல்லாம் முடிவாயிற்று. கண் டாக்டர் நீளமாகப் பேசினார். அந்த அறையில் கழுகண்ணன் காதில் விழுந்தது "கட்டி" என்ற ஒரே சொல். அவருடைய மனைவி ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர், முற்றுப்புள்ளி வரை வாசிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட விடமாட்டாள். அவள்தான் படிவத்தைப் படித்தாள், டாக்டரிடம் மெல்லிய குரலில் ஏதோ கேட்டாள், தலையாட்டினாள், "போடுங்க" என்றாள். இவர் போட்டார்.

அடுத்த வாரம் சின்ன அறுவை சிகிச்சை. கட்டியின் எல்லையை அடையாளம் காட்டுவதற்காக, கண்ணின் வெளிச்சுவரில் மிளகை விடச் சின்னதாக நான்கு உலோகத் தகடுகளை வைத்துத் தைத்தார்கள். ஒன்றரை நாள் வலது கண்ணில் கட்டுப் போட்டிருந்தது. அந்த ஒன்றரை நாளும் கழுகண்ணன் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டே நடந்தார். "மயக்க மருந்து இன்னும் இறங்கல, தலை சுத்துது" என்று சொன்னதை அவளும் நம்பினாள். குளியலறையில் குழாயைத் தேடிக் கை சுவரில் ஊர்ந்துகொண்டிருந்தபோதுதான், பார்வை இல்லாமல் இருப்பது எப்படியிருக்கும் என்று அவருக்கு முதல்முறையாகத் தெரிந்தது. கட்டை அவிழ்த்த அன்று, எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த தீயணைப்பு அறிவிப்பை ஒரு வரி விடாமல் வாசித்துவிட்டுத்தான் எழுந்தார்.

கதிர்வீச்சு தொடங்குவதற்கு முதல் நாள், இயற்பியல்காரம்மா இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். எந்தக் கதிரை எவ்வளவு ஆழத்துக்கு, எந்தக் கோணத்தில் அனுப்புவது என்று கணக்குப் போடுகிறவர் அவர்தான். நாற்பது வயது இருக்கும், மேசை மேல் ஒரு பிளாஸ்டிக் கண்ணும் ஆறிப்போன காப்பியும். கழுகண்ணன் ஓட்டுநர் என்று தெரிந்ததும் அவருக்குத் தோதாகவே சொல்ல ஆரம்பித்தார்.

"இது புரோட்டான் சார். எக்ஸ்ரே மாதிரி உடம்பைத் துளைச்சுக்கிட்டு அந்தப் பக்கம் போகாது. பஸ் மாதிரின்னு வெச்சுக்கோங்க. வழியில அங்கங்க நாலு பேரை இறக்கிவிடும், கடைசி ஸ்டாப்புல மொத்தப் பேரையும் இறக்கிடும். அதுக்கு அப்புறம் ஒரு அடிகூட நகராது. அந்தக் கடைசி ஸ்டாப்பைக் கட்டி மேல வெக்கிறதுதான் என் வேலை."

"நல்ல பஸ்ஸுதான்" என்றார் கழுகண்ணன்.

"வழியில இறங்கினாங்களே நாலு பேர், அவங்க நல்ல திசுக்கள்ல இறங்குறாங்க. அங்கயும் அடி விழும். பெரும்பாலான செல்லுங்க அடிபட்ட இடத்தைத் தாங்களே தைச்சுக்கும். ஆனா நரம்புக்கு அந்தத் தையல் வராது. அதோட, கடைசி ஸ்டாப்புல இறங்குறவங்க கொஞ்சம் முரட்டு ஆளுங்க. அங்க ஒரே அளவு கதிருக்கு அடி கொஞ்சம் கூடவே விழும்." அவர் திரையில் ஒரு படத்தைத் திருப்பிக் காட்டினார். "இது கட்டி. இது கண்ணுலேருந்து மூளைக்குப் போற பார்வை நரம்பு. நடுவுல ஒன்றரை மில்லிமீட்டர். கட்டியோட விளிம்பு தப்பிடக் கூடாதுன்னு சுத்தி ரெண்டரை மில்லிமீட்டர் சேர்த்து அடிக்கிறோம். அதனால நரம்போட தலையில பெரும்பகுதி உள்ள வந்துடுது."

"வந்தா?"

இயற்பியல்காரம்மா மனைவியைப் பார்த்தார். மனைவி பிளாஸ்டிக் கண்ணைப் பார்த்தாள்.

"உடனே ஒண்ணும் தெரியாது சார். நரம்புக்கு ரத்தம் கொண்டுபோற சின்னக் குழாய்ங்க கொஞ்சங்கொஞ்சமாத் தடிச்சு அடைச்சுக்கும். ஒரு வருஷம், ரெண்டு வருஷம் கழிச்சு இந்தக் கண்ணுல பார்வை போயிடும். டாக்டர் சொல்லியிருப்பாரே? இடது கண்ணு நல்லா இருக்கிறதாலதான் தைரியமா இந்த முடிவு எடுத்தோம்."

கழுகண்ணன் திரையையே பார்த்தார். மனைவி அவர் கை மேல் கை வைத்தாள். "நான்தாங்க சொல்லல. சொன்னா பயப்படுவீங்கன்னுதான். இன்னொரு கண்ணு இருக்கே, அது போதும். உயிர் முக்கியம் இல்லையா?"

அவர் தலையாட்டினார். ஆட்டாமல் என்ன செய்வது? இப்போது வாயைத் திறந்தால் வேலை போகும். போனால் போகட்டும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாளே, இவளிடம் என்ன சொல்வது? கைக்குழந்தையாக இருந்த மகளை மடியில் வைத்துக்கொண்டு இவர் ஓட்டிய வண்டியில் மலைப்பாதையில் தூங்கிக்கொண்டே வந்தவள். அந்தத் தூக்கத்துக்கெல்லாம் இப்போது பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு வலது கண்ணைக் கையால் பொத்திப் பார்த்தார். கண்ணாடியில் முகம் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் அழுக்குத் துணியைப் போட்டதுபோல ஏதோ ஒன்று. கிட்டே போனார், மூக்கு கண்ணாடியில் இடித்தது, அப்போதும் துணிதான். இத்தனை வருடம் சோறு போட்ட கண்ணையும் பிடுங்கிக்கொண்டு இதைத்தான் கையில் கொடுக்கப் போகிறார்கள். கொடுப்பவர்கள் மேல் குற்றமும் இல்லை, ஒப்பித்தது இவர். வெளியே மனைவி, "என்னங்க, இன்னுமா?" என்றாள். "பல்லு தேய்க்கிறேன்" என்றார், சாயங்காலம் நாலு மணிக்கு.

மறுநாள் காலை அவரை நாற்காலியில் ஏற்றினார்கள். பல் டாக்டர் வீட்டு நாற்காலியைப் போன்றதுதான், ஆனால் தலையை வலைமுகமூடி போட்டுப் பின்னால் இறுக்கிவிட்டார்கள். பற்களுக்கு அளவெடுத்து வார்த்த கட்டை ஒன்றைக் கடிக்கக் கொடுத்தார்கள். கண்ணில் மரத்துப்போகும் சொட்டு மருந்து, இமைகளை மூடவிடாமல் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. இனி அசைக்க முடிந்தது கருவிழி ஒன்றைத்தான். முன்னால் பித்தளைக் குழாய் ஒன்று அவரை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

எல்லோரும் வெளியே போனார்கள். கனமான கதவு சாத்திக்கொண்டது. ஒலிபெருக்கியில் இயற்பியல்காரம்மாவின் குரல் வந்தது.

"சார், சிவப்பு விளக்கையே பாருங்க. உங்க கண்ணு இங்க திரையில பெரிசாத் தெரியுது, நான் பாத்துக்கிட்டே இருக்கேன். நாப்பது செகண்டுதான். வலிக்காது."

வலிக்காது என்று சொன்னதுதான் அவரை உலுக்கிவிட்டது. வலித்தால் கத்தலாம், கையைத் தட்டிவிடலாம். இது ஒன்றும் செய்யாமல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, அடுத்த வருடம் ஒரு நாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதோ செருப்பைத் தேடும்போதோ, விளக்கை அணைத்துவிட்டுப் போகும். முகமூடிக்குள் வேர்வை வழிந்து காதுக்குள் இறங்கிற்று. நாற்பது செகண்டு பேசாமல் இருந்தால் போதும், ரகசியம் பத்திரமாக இருக்கும். இருபத்திரண்டு வருடம் இருந்தவருக்கு நாற்பது செகண்டு ஒரு பெரிய விஷயமா?

"ரெடியா சார்? ஆரம்பிக்கிறோம்."

கழுகண்ணன் விளக்கிலிருந்து பார்வையைத் திருப்பி மேற்கூரையைப் பார்த்தார்.

"சார், விளக்கைப் பாருங்க."

பார்த்தார். அந்தப் பக்கம் ஏதோ சொடுக்கும் சத்தம் கேட்டது. சட்டென்று மறுபடி கூரைக்குப் போனார்.

"சார், கண்ணு நகருது. கதிர் இன்னும் விடல, பயப்படாதீங்க. மெதுவா விளக்குக்கு வாங்க."

மூன்றாவது தடவையும் கூரையைப் பார்த்தபோது கதவு திறந்தது. இயற்பியல்காரம்மா வந்து குனிந்தார். "பயமா இருக்கா சார்?" என்று கேட்டார். கழுகண்ணன் ஏதோ சொன்னார். வாயில் கட்டை இருந்ததால் மாடு கத்தியதுபோல ஒரு சத்தம்தான் வந்தது. இயற்பியல்காரம்மா கட்டையை எடுத்துவிட்டார்.

"அந்தக் கண்ணு தெரியாதும்மா."

"எந்தக் கண்ணு?"

"இடது. பொறந்ததுலேருந்தே தெரியாது."

"ரெக்கார்டுல நல்லா இருக்குன்னுதானே…"

"மனப்பாடம்" என்றார் கழுகண்ணன். இமையைக் கம்பி பிடித்திருந்ததால் அழுவதற்குக்கூட வசதியில்லை. தண்ணீர் பாட்டுக்கு வழிந்தது. "வலது கண்ணால படிச்சதை அப்படியே ஒப்பிச்சேன். எப்பவும் செய்யிறதுதான். தப்புதாம்மா. என் கண்ணை எடுத்துடாதீங்க."

இயற்பியல்காரம்மா பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். முகமூடியைக் கழற்றும் கொக்கியை இரண்டு தடவை தவறவிட்டார்.

கண் டாக்டர் வந்தார். மனைவியையும் கூப்பிட்டார்கள். டாக்டர் வலது கண்ணை மூடிவிட்டு முன்னால் கையை நீட்டி, "எத்தனை விரல்?" என்றார். "விரலா காட்டுறீங்க?" என்று கேட்டார் கழுகண்ணன். நிஜமாகவே கேட்டார். அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. மனைவி கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே நின்றாள், முறுக்கி முறுக்கி அது கயிறு மாதிரி ஆகிவிட்டது.

டாக்டர் கோபக்காரர்தான். ஆனால் அன்றைக்குக் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார். "இப்ப ரெண்டு வழி இருக்கு. போட்ட கணக்குப்படியே அடிச்சா, நூறு பேர்ல நாலஞ்சு பேருக்குத்தான் கட்டி திரும்பி வரும். ஆனா பார்வை போயிடும். நரம்புப் பக்கம் விளிம்பைக் குறைச்சு, விளக்கை நகர்த்தி வேற கோணத்துல கண்ணைத் திருப்பி அடிக்கலாம். அப்ப நரம்புல ஒரு பகுதி தப்பிக்கும். பார்வை எத்தனை வருஷம் நிக்கும்னு என்னால எழுதித் தர முடியாது. நல்லாவும் நிக்கலாம், ரெண்டு வருஷத்துல மங்கவும் மங்கலாம். ஆனா கட்டி திரும்புறது பத்துப் பேருக்குன்னு ஆகலாம். திரும்பினா கண்ணையே எடுக்க வேண்டி வரலாம். உடம்புல பரவுற பயமும் இருக்கு. நீங்கதான் சொல்லணும்."

கழுகண்ணனுக்குக் கண் வேண்டும் என்று சொல்லப் பயம், உயிர் வேண்டும் என்று சொல்லவும் பயம். குளியலறைக் கண்ணாடியில் பார்த்த அழுக்குத் துணி ஒரு பக்கம், உடம்புக்குள் எங்கோ பட்டாணி பட்டாணியாக முளைப்பது இன்னொரு பக்கம். பச்சையும் சிவப்பும் சேர்ந்து எரியும் சந்திப்பில் நிற்பவர்போல டாக்டரையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

மனைவிதான் கேட்டாள். "கட்டி திரும்பி வந்தா உடனே தெரியுமா டாக்டர்?"

"மூணு மாசத்துக்கு ஒரு தடவை கண்ணுக்குள்ள பாப்போம். கல்லீரலையும் ஸ்கேன் பண்ணுவோம். கண்ணுக்குள்ள திரும்பினா ஆரம்பத்துலேயே தெரிஞ்சுடும். மத்த இடத்துக்கு உத்தரவாதம் இல்ல."

நேற்று வரை உயிர் போதும் என்றவள். "அப்ப விளிம்பைக் குறைங்க" என்றாள்.

புதுப் படிவத்தை அவள் வாசித்தாள், இந்தத் தடவை சத்தமாக, ஒரு வரி விடாமல். 'பார்வை இழப்பு', 'நோய் திரும்புதல்' என்ற இடங்களில் நிறுத்திக் கணவரின் முகத்தைப் பார்த்து, அவர் "ம்" என்ற பிறகே மேலே போனாள். அவர் கையெழுத்து கோணலாக விழுந்தது.

வீடு திரும்பும் டாக்சியில் அவர் மெல்லக் கேட்டார். "ஏன் அப்படிச் சொன்ன?"

"பின்ன? கண்ணு போச்சுன்னா நீங்க வெளிய சொல்லவா போறீங்க? தெரியுது தெரியுதுன்னு சொல்லிக்கிட்டே மாடிப்படியில உருளுவீங்க. அதை என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது." அதற்கு மேல் அன்று அவள் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. சாப்பாட்டைத் தட்டில் வைக்கும் சத்தம் மட்டும் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

கழுகண்ணன் தாமாகவே பணிமனை மேலாளருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். மேலாளர், "விளையாடாதீங்க கழுகண்ணே" என்றார். விளையாட்டில்லை என்று புரிந்ததும் உரிமத்தை அலுவலகத்தில் ஒப்படைக்கச் சொன்னார், விசாரணை வரும் என்றார், போனை வைத்துவிட்டார்.

புதுக் கணக்கை முடிக்க மூன்று நாள் ஆயிற்று. பிறகு வரிசையாக நான்கு காலைகள், அதே நாற்காலி, அதே பித்தளைக் குழாய். விளக்கை மட்டும் மூக்குப் பக்கம் நகர்த்தி வைத்திருந்தார்கள். இப்போது கண்ணை நகர்த்தாமல் வைத்திருப்பதுதான் பயமாக இருந்தது. ஒரு முடி அளவு நகர்ந்தால் நரம்பில் அடி விழும், மறுபக்கம் நகர்ந்தால் கட்டி தப்பித்துவிடும். அங்கே திரையில் இயற்பியல்காரம்மா பார்த்துக்கொண்டிருக்கிறார், நகர்ந்தால் நிறுத்திவிடுவார் என்று தெரிந்தும், தானே பிடித்து நிறுத்துவதுபோல விளக்கைப் பார்வையால் பற்றிக்கொண்டிருந்தார். நாற்காலியின் கைப்பிடியில் அவர் நகங்கள் பதிந்தன. ஒவ்வொரு தடவையும் "முடிஞ்சுது சார்" என்ற குரல் வரும்போது, முடிந்தது எது, தொடங்கியது எது என்று அவருக்குத் தெரியவில்லை. வலிக்கவேயில்லை.

நான்காம் நாள் இயற்பியல்காரம்மா கைகொடுத்தார். "கணக்குப்படி சரியா விழுந்திருக்கு. இனிமே நம்ம கையில இல்ல சார். மூணு மாசம் கழிச்சு வாங்க."

வெளியே நீளமான நடைபாதை. கழுகண்ணன் நடந்தார். இடது கையில் ஏதோ இடித்ததும் திடுக்கிட்டு நின்றார். மனைவியின் கைப்பை.

"நான் இங்க வர்றது தெரியலையா?" என்றாள்.

"தெரியல."

"இந்தப் பக்கம் வந்தா எப்பவுமே தெரியாதா?"

ஒப்பிப்பதற்கு இனி எதுவும் இல்லை. "எப்பவுமே" என்றார்.

அவள் அப்படியே நின்றுவிட்டாள். "வண்டியில இந்தப் பக்கம்தான் உட்காருவேன். சினிமாவுக்குப் போனாலும் இந்தப் பக்கம். சாப்பிட உட்கார்ந்தாலும் இந்தப் பக்கம். பத்தொன்பது வருஷமா நான் உங்க கண்ணுல படவே இல்லையா?"

"திரும்பித் திரும்பிப் பாப்பேன்ம்மா."

"எப்பத் திரும்பினீங்க?"

பக்கத்தில் சக்கர நாற்காலி ஒன்று போயிற்று. அது போகட்டும் என்று காத்திருந்தவள், அவருக்கு முன்னால் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தாள். அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் செருகிக்கொண்டாள்.

"பாத்துக்கோங்க" என்றாள். "இருக்கிற வரைக்கும்."

அவர் பார்த்தார். காதோரத்தில் அவளுக்கு நன்றாக நரைத்திருந்தது. எப்போதிலிருந்து என்று கேட்க அவருக்குப் பயமாக இருந்தது.